உணவில் கலக்கும் உலோக நஞ்சு

உலோகங்களோடு நமக்குள்ள உறவு மிகப் பழமையானது. இரும்புக் கொழுவால் உழுது, செப்புக் குடத்தில் நீர் முகந்து, வெண்கலப் பானையில் பொங்கி, ஈயச் சொம்பில் ரசம் வைத்து உண்ட மரபினர் நாம். நம் குருதியிலேயே இரும்பு இருக்கிறது. செம்பும் துத்தநாகமும் சிறிதளவேனும் இல்லாவிடில் உடல் செவ்வனே இயங்காது. ஆகவே உலோகம் என்றவுடனே நஞ்சு என்று எண்ணிவிடலாகாது. ஆயினும், உடலுக்கு எவ்வாற்றானும் வேண்டாத உலோகங்கள் சில உள்ளன. காரீயம், காட்மியம், பாதரசம் ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. நம் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் அதனின் வேறானது. பெயரளவில் உடன்பிறப்புக்கள் போலத் தோன்றும் இவ்விரண்டனுள் ஒன்று அடுக்களைக்கு உரியது. மற்றது அங்கே அடியெடுத்து வைக்கவும் ஆகாதது.

இத்தகைய உலோகங்கள் ஆலையிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து தொழுவத்துக்கும், அங்கிருந்து நம் கலத்துக்கும் எவ்வாறு வந்து சேர்கின்றன? வந்தபின் உடலில் என்ன செய்கின்றன? இவற்றையே இன்று சிந்திக்க விரும்புகிறேன். இதற்குத் தமிழ்நாட்டின் மேற்கு எல்லையை அடுத்த பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் ஓரப் பகுதிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர்கள் அவை. அங்குள்ள தமிழரும் உங்களைப் போலவே வேறொரு மாநிலத்தில் வாழ்க்கை நடத்துவோர்தாம்.

முதலில் உலோகத்துக்கும் பிற நஞ்சுகளுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்துகொள்ளுதல் நலம். அழுகிய பண்டத்தில் தோன்றும் கிருமி கொதிக்க வைத்தால் மடிகிறது. பூச்சி மருந்துகளிற் பல வெயிலாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாலும் காலப்போக்கில் சிதைகின்றன. உலோகமோ ஒரு தனிமம். தீயில் இட்டாலும் அது அழியாது. ஆவியாகவோ சாம்பலாகவோ வேறிடம் புகும். மண்ணில் புதைத்தாலும் மட்காது. வாயால் உட்கொண்டால் வெளியேறும் பகுதி வெளியேற, எஞ்சியது உடலிலேயே தங்கும். அது இடம் மாறுமேயன்றி இல்லாமற் போவதில்லை. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்வோர் மீனாட்சிபுரத்தைக் கடந்து பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்துள் நுழைகின்றனர். நெல்லும் தென்னையும் நிலக்கடலையும் விளையும் பகுதி அது. கறவை மாடு வைத்துப் பிழைப்போர் அங்கு மிகுதி. அவ்வட்டத்தில் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த சிற்றூர் பிளாச்சிமடை. எரவாளர், மலசர் என்னும் பழங்குடியினர் அங்குள்ள குடியிருப்புக்களில் வாழ்கின்றனர். பெரும்பாலோர் நிலமில்லாத கூலியாட்கள். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வூரில் இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. ஆழ்கிணறுகளிலிருந்து நாள்தோறும் பெருமளவு நீர் இறைக்கப்பட்டது. சில காலத்துக்குள் சுற்றியிருந்த கிணறுகள் வற்றின என்றும், எஞ்சிய நீரில் சோறு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்றும் மக்கள் முறையிட்டனர். 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் ஆலை வாயிலின் எதிரே அவர்கள் அறப்போர் தொடங்கினர். அதன் முன்னணியில் நின்றவர் எரவாளர் குலத்தைச் சேர்ந்த மயிலம்மா. எழுத்தறிவு பெறும் வாய்ப்பில்லாத அப்பெண்மணி, தம் கிணற்று நீரின் மாற்றத்தை எந்தக் கருவியும் இன்றியே கண்டறிந்தவர். அவர் 2007ஆம் ஆண்டு காலமானார்.

பிளாச்சிமடையின் தண்ணீர் வழக்கைப் பலரும் அறிவர். அங்கு நிகழ்ந்த கசடு வழக்கை அறிந்தவர் சிலரே. ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது அடியில் படியும் கசடு, எருவாகும் என்று சொல்லப்பட்டு அக்கம்பக்கத்து உழவர்களுக்கு வழங்கப்பட்டது. எருவின் விலை ஏறியிருக்கும் நாளில், வீடு தேடி வரும் எருவை வேண்டாம் என்பார் யார்? வயல்களிலும் தென்னந்தோப்புக்களிலும் அது கொட்டப்பட்டது. 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரிட்டனின் பி.பி.சி. வானொலி, அந்தக் கசட்டின் மாதிரியை எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்து, அதில் காட்மியமும் காரீயமும் உள்ளன என்று ஒலிபரப்பிற்று. வானொலி நிகழ்ச்சி ஒன்றே இதனை உலகறியச் செய்தது என்பது வானொலி நேயர்களாகிய உங்களுக்கு உவகை தரலாம்.

அடுத்த மாதமே கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தானும் சோதித்தது. ஒரு கிலோ கசட்டில் 201.8 மில்லிகிராம் காட்மியம் இருப்பதாக அறிவித்தது. அபாயக் கழிவு விதிகள் வகுத்த வரம்போ 50 மில்லிகிராம். மாசுபடாத சாதாரண மண்ணில் காட்மியம் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. கசட்டை எருவாகக் கொடுப்பதை நிறுத்தும்படி வாரியம் கட்டளையிட்டது. பின்னர் எடுத்த மாதிரிகளில் அளவு குறைந்தும் காணப்பட்டது. கசட்டால் தீங்கில்லை என்றே நிறுவனம் வாதிட்டது. 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது, மீண்டும் திறக்கப்படவில்லை.

ஆலை நின்றதோடு கதை முடிந்ததா? கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. அப்பகுதியில் திரட்டிய மாட்டுத் தீவனம், பால், இறைச்சி, முட்டை ஆகியவற்றின் மாதிரிகளில் காட்மியம், காரீயம், குரோமியம், செம்பு ஆகியவை நச்சுத்தன்மை உடையன எனக் கருதத்தக்க அளவில் இருந்தன என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. கசட்டை எவரும் உண்ணவில்லை. மாடும் கோழியும்கூட அதனை இரையாகக் கொள்ளவில்லை. ஆயினும் பாலிலும் முட்டையிலும் அது எவ்வாறு புகுந்தது?

காட்மியம் துத்தநாகத்தைப் போன்ற குணமுடையது. பயிருக்குத் துத்தநாகம் வேண்டும்; அதனை உறிஞ்சும் வேர், உருவொற்றுமையால் ஏமாந்து காட்மியத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் இது இன்னும் எளிதாக நிகழும். வேரிலிருந்து தண்டுக்கும், தண்டிலிருந்து இலைக்கும் அது ஏறுகிறது. கீரை வகைகள், நெல், புகையிலை ஆகியவை இவ்வுலோகத்தை ஏற்பதில் முன்னிற்பவை. காரீயத்தின் வழி வேறு. அது மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். வேர் வழியாக அதிகம் ஏறாது. ஆனால் புல்லின் மீது புழுதியாகப் படியும். மேயும் மாடு புல்லோடு மண்ணையும் சேர்த்தே உண்கிறது. மண்ணைக் கிளறும் கோழியும் அதனை விழுங்குகிறது. மண்ணில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்கிறது.

மாட்டின் வயிற்றில் சேர்ந்த உலோகத்தில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி, எருவாகி, மீண்டும் அதே வயலுக்குத் திரும்புகிறது. உடலில் ஏறியதில் மிகுதி ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்குகிறது. சிறு பகுதியே பாலில் இறங்குகிறது. சிறு பகுதி தானே என்று நாம் அமைதி கொள்ளலாகாது. ஒரு நாளைக்குரிய பால் சிறிதுதான். ஆனால் குழந்தை ஆண்டு முழுவதும் அதே பாலைக் குடிக்கிறது, அதே தோட்டத்துக் கீரையை உண்கிறது, அதே கிணற்று நீரைப் பருகுகிறது. துளித்துளியாக வருவது சேர்ந்துகொண்டே போகிறது.

இனி, மனித உடலில் நிகழ்வதைப் பார்ப்போம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. காட்மியம் என்னும் இவ்விருந்தாளி சிறுநீரகத்தில் குடியேறினால், வந்த அளவில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். சிறுநீரகத்தின் நுண்குழல்கள் மெல்லப் பழுதடைகின்றன. உடலில் நிற்க வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சிறுநீரோடு கழிகின்றன. நாளடைவில் எலும்பு நலிகிறது. காட்மியம் புற்றுநோய்க்கும் காரணமாகும் என்பது விஞ்ஞானிகளின் முடிவு. காரீயமோ சுண்ணாம்புச் சத்தைப் போல நடித்து எலும்பினுள் புகுந்து பல ஆண்டுகள் உறங்கும். பெண் கருவுற்ற காலத்தில், குழந்தையின் வளர்ச்சிக்கென்று தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும்போது, அதனோடு காரீயமும் இறங்கிக் கருவைச் சென்றடைகிறது. வளர்ந்தவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கு ஐந்து மடங்கு மிகுதியாகக் காரீயத்தை ஏற்கவல்லது. குருதி குன்றும், அறிவு வளர்ச்சி குறையும், கவனம் சிதறும். குழந்தைக்குத் தீங்கற்ற காரீய அளவு என்று ஒன்று இல்லை என்றே உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இதில் ஓர் அநீதியும் அடங்கியிருக்கிறது. உடலில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தால், குடல் இந்த நச்சு உலோகங்களை இன்னும் ஆவலோடு உறிஞ்சும். அதாவது, நிறைவாக உண்பவரைவிட அரைவயிறு உண்பவரையே இந்நஞ்சு எளிதில் பற்றுகிறது. செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் ஒரே கீரையை உண்டாலும், இருவர் உடலிலும் சேர்வது ஒரே அளவு அன்று.

இந்நோய்களின் முழுக் கொடுமையையும் உலகம் முதன்முதலில் கண்டது ஜப்பானில். அங்கே டொயாமா மாநிலத்தில் ஜின்சூ என்னும் ஆறு ஓடுகிறது. அதன் மேற்பகுதியில் உள்ள காமியோகா சுரங்கத்திலிருந்து காட்மியம் கலந்த கழிவு ஆற்றில் இறங்கிற்று. அந்நீரைப் பாய்ச்சிய வயல்களில் விளைந்த அரிசியை உண்டவர்களுக்கு, குறிப்பாகப் பல குழந்தைகளைப் பெற்ற முதிய பெண்களுக்கு, எலும்புகள் மென்மையாகி, இருமினாலும் ஒடியும் நிலை வந்தது. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று அவர்கள் ஓயாது அரற்றிய சொல்லே ஜப்பானிய மொழியில் அந்நோய்க்குப் பெயராயிற்று. 1968ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு அரசு இதனைத் தொழிற்சாலை மாசினால் வந்த நோய் என ஏற்றது. நீதிமன்றம் 1971இல் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கெட்ட வயல்களின் மண்ணைச் சீர்செய்யும் வேலை 2012ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. தீர்ப்புக்கும் வயல் திருந்தியதற்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் கழிந்திருக்கிறது. மண்ணில் உலோகத்தைக் கொட்டுவதற்கு ஒரு லாரியும் ஓர் இரவும் போதும். எடுப்பதற்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

சித்தூர் வயல்களை விட்டுத் தெற்கே மலையேறினால் ஆனைமலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டம் விரிகிறது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைப்போர் பெரும்பாலும் தமிழர். ஏலத் தோட்டங்களுக்குப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிச் சென்று மாலையில் திரும்புவோரும் தமிழரே. ஏலச்செடியின் அழுகல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவையைத் தெளிப்பது வழக்கம். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. அளவோடு உள்ள செம்பு காரீயத்தைப் போன்ற நஞ்சன்று, அஞ்ச வேண்டுவதில்லை. எனினும், ஆண்டுதோறும் தெளித்த செம்பு மழையில் கரைந்து மறைந்துவிடுவதில்லை, மேல்மண்ணிலேயே தங்குகிறது. இக்கலவை பிறந்த பிரான்ஸ் நாட்டின் பழைய திராட்சைத் தோட்டங்களில் மண்புழுவும் நுண்ணுயிரும் நலிவுறும் அளவுக்குச் செம்பு சேர்ந்துவிட்டது. நல்ல மருந்தாயினும் உலோகம் உலோகமே என்பதற்கு இது பாடம்.

இடுக்கியின் வடகிழக்கு எல்லையை ஒட்டி நிற்பது பழனிமலை. அதன்மேல் உள்ளது கொடைக்கானல். அங்கே 1983ஆம் ஆண்டில், அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தபின், 2001இல் ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை இருந்த மேட்டிலிருந்து நீர் பாம்பாற்றுச் சோலை வழியாகக் கீழே கும்பக்கரை நோக்கி இறங்குகிறது. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர்.

உணவுத் தொடரில் பாதரசத்தின் நடத்தை மற்ற இரண்டினும் கொடியது. நீரடியில் உள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதனைப் பாசி ஏற்கிறது. பாசியைப் புழுவும், புழுவைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும் உண்கின்றன. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு பெருகிக்கொண்டே போகிறது. காட்மியமும் காரீயமும் இவ்வாறு படிதோறும் பெருகுவதில்லை. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் 1956ஆம் ஆண்டு வெளிப்பட்ட நரம்பு நோய் இவ்வழியாக வந்ததே. மீனை உண்ட பூனைகள் முதலில் துடித்து விழுந்தன. பிறகு மனிதர் விழுந்தனர். நோயின் அறிகுறி இல்லாத தாய்மாருக்கும் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன. அவ்வூரின் பெயரால் அமைந்த உலக உடன்படிக்கையை 2018ஆம் ஆண்டில் இந்தியாவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று நீங்கள் கேட்கலாம். மும்பையில் இருப்புப் பாதையோரத்துச் சாக்கடை நீரில் விளையும் கீரையையும், டில்லியில் யமுனைக் கரையில் விளையும் காய்கறியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல நகரங்களில் பழைய மின்கலங்களை உடைத்து காரீயம் உருக்கும் சிறு பட்டறைகள் குடிசைகளின் நடுவே இருக்கின்றன. ஊரைவிட்டு வந்தோர் குறைந்த வாடகை நாடி இத்தகைய இடங்களிலேயே குடியேற நேர்கிறது. ஆகவே சில செய்திகளைக் கருத்தில் வைக்க வேண்டுகிறேன்.

கீரையையும் கிழங்கையும் பலமுறை நன்றாகக் கழுவுங்கள். மேலே படிந்த புழுதியும் அதிலுள்ள காரீயமும் பெரும்பாலும் நீங்கும். ஆனால் செடியின் உள்ளே ஏறிய காட்மியத்தைக் கழுவுவதாலோ வேகவைப்பதாலோ நீக்க முடியாது. எனவே சாக்கடையோரத்தில் விளைந்தது என்று அறிந்ததை விலை மலிவென்று வாங்காதீர்கள். ஒரே இடத்துக் காய்கறியையே ஆண்டு முழுவதும் உண்ணாமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கேழ்வரகு, பருப்பு, முருங்கைக்கீரை, நெல்லிக்கனி போன்றவற்றை நிறையக் கொடுங்கள். இரும்பும் சுண்ணாம்பும் நிறைந்த உடலில் நஞ்சு எளிதில் ஏறாது. மின்கலப் பட்டறையில் வேலை செய்வோர் உடை மாற்றிக் குளித்த பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். ஈயச் சொம்பு வாங்கும்போது தூய வெள்ளீயமா என்று நம்பத்தக்க வணிகரிடமே கேட்டு வாங்குங்கள். புகையிலையைக் கைவிடுங்கள், பீடியின் புகை காட்மியத்தை நேரே நுரையீரலுக்குக் கொண்டு செல்லும். ஊரில் நிலம் வைத்திருப்போர், எந்த ஆலையின் கசட்டையும் சோதனைச் சீட்டு இல்லாமல் எருவென்று ஏற்க வேண்டாம் என்று உறவினருக்கு எழுதுங்கள்.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. இவை மட்டுமே போதா. பிளாச்சிமடையில் நேர்ந்த இழப்பை உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது; அதில் உடல்நலக் கேட்டுக்கு மட்டும் 30 கோடி. இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டசபை 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறைவேற்றிற்று. ஆயினும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாமையால் அது சட்டமாகவில்லை. இழப்பீடு கோருவோருக்கு உலோக நஞ்சின் இயல்பும் ஒரு தடையாக நிற்பதைக் காணலாம். பாம்பு கடித்தால் பல் பதிந்த தடம் இருக்கும். இருபதாண்டு மெல்ல உண்ட காட்மியத்துக்குத் தடம் ஏது? ஒரு மூதாட்டியின் எலும்பு நோயைக் காட்டி, இன்ன கசட்டால் இது வந்தது என்று ஐயமற நிறுவுதல் அரிது. அளந்து வைத்த கணக்கு இருந்தால்தான் வழக்கு நிற்கும். அளக்கும் கருவியோ ஏழையின் கையில் இல்லை.

எனவே, நோய் வந்தபின் மருத்துவரைத் தேடுவதைவிட, மண்ணையும் நீரையும் பாலையும் காலந்தோறும் அளந்து அந்தக் கணக்கை ஊர் அறிய வெளியிடுவதே முதற்கடமை. அதனைக் கோரும் உரிமை எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் உங்களுக்கு உண்டு. உங்கள் நகராட்சியையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் அச்சமின்றிக் கேளுங்கள். சங்கங்களின் வாயிலாக எழுதிக் கேளுங்கள். மயிலம்மா தம் கிணற்றின் பொருட்டுக் கேட்டார். கேட்டதனால்தான் கசடும் சோதனைக்கு வந்தது. சோதனை ஒன்றிரண்டு ஆண்டுகள் முன்னரே நடந்திருக்குமானால் அக்கசடு வயலுக்குச் சென்றே இராது. வயலை அடைந்த உலோகத்தைத் திரும்ப அழைக்க நம்மால் இயலாது. அடையாமல் தடுக்க இயலும்.